ஈரலில் இருந்த நீர்க்கட்டி எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகும்?

கேட்டவர் தமிழ்நாடு கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். 12 நாளைக்கு முன்னால் கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடாவை வெட்டியிருக்கிறார்கள். மூன்று வயது தாண்டிய கிடா. வயிற்றைத் திறந்தபோது கொழுப்புச் சவ்வில் கண்ணாடிப் பை மாதிரி ஒன்று தண்ணீரோடு தொங்கியிருக்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் நெல்லிக்காய் அளவில் வெள்ளையாக மூன்று நான்கு கட்டிகள் புதைந்து கிடந்திருக்கின்றன. வெட்டிய கறிக்கடைக்காரர் அவற்றைக் கத்தியால் அரிந்து, அங்கே காத்திருந்த இவர் வீட்டு நாய்க்கும் இரண்டு தெரு நாய்களுக்கும் வீசிவிட்டார். கறியைச் சமைத்து எல்லோரும் சாப்பிட்டாயிற்று. இப்போதுதான் பயம் வந்திருக்கிறது. அவர் கேட்பது: எங்களுக்கு ஏதாவது வருமா? கோயம்புத்தூரில் அபார்ட்மென்டில் மகள் ஒரு நாய் வளர்க்கிறாள், லீவுக்கு இங்கே கூட்டி வருவாள், அதற்கு ஒட்டுமா? டவுனில் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

முதலில் கறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயம் போகட்டும். அந்தக் கறியைச் சாப்பிட்டதால் உங்கள் யாருக்கும் இந்த நோய் வராது. ஆட்டின் ஈரலில் இருக்கும் கட்டி மனிதனுக்குள் போனால் புழுவாக வளராது. அதைப் புழுவாக வளர்க்கக்கூடியது நாயின் குடல்தான். உங்களுக்கு ஆபத்து வருவதாக இருந்தால் அது இலையில் விழுந்த கறியிலிருந்து வராது, நாய்க்கு வீசிய துண்டிலிருந்துதான் சுற்றி வளைத்து வரும். இந்தப் பதில் முழுக்க அந்தத் துண்டைப் பற்றியதுதான்.

நீங்கள் பார்த்தது ஒன்றல்ல, இரண்டு வேறு புழுக்களின் கட்டிகள் என்று நினைக்கிறேன். சவ்வில் தொங்கிய மெல்லிய பை, உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியோடு இருந்திருக்கும். ஆடு வெட்டுகிற எவரும் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். அது டீனியா ஹைடாட்டிஜினா என்கிற நாடாப்புழுவின் குட்டிப் பருவம். நாயின் குடலுக்குப் போனால் சில மீட்டர் நீளம்கூட வளரும், ஆனால் மனிதனுக்கு அதனால் தொல்லையில்லை. புதைந்திருந்த வெள்ளைக் கட்டிதான் விஷயம். தடித்த சுவர், தொட்டால் விறைப்பு, குத்தினால் பீய்ச்சியடிக்கும் தெளிந்த நீர், அந்த நீரின் அடியில் பொடி மணல் போல ஒரு வண்டல். இந்த அடையாளங்கள் இருந்தால் அது ஹைடாடிட் கட்டி. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற புழுவின் வேலை. மணல் என்று சொன்னேனே, அதில் ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை. ஒரு கட்டிக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், மனிதனுக்குத் தீங்கு செய்யாத புழு மீட்டர் கணக்கில் நீளம், நாயின் ஆசனவாயில் அதன் துண்டுகள் நெளிவதை வீட்டுக்காரர் பார்த்து அருவருப்போடு ஓடி வருவார். ஆளைப் படுக்கவைக்கும் இந்தப் புழுவோ 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். தலையும் அதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று கணுவும், அவ்வளவுதான் உடம்பு. ஒரு நாயின் குடலில் ஆயிரம், பத்தாயிரம் என்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் கொழுகொழுவென்று வாலாட்டிக்கொண்டிருக்கும். இளைக்காது, வாந்தி எடுக்காது. மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இதன் முட்டையும் மற்ற டீனியா புழுக்களின் முட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும். முப்பது வருடம் மிருகாஸ்பத்திரியில் வேலை பார்த்த எனக்கே, நாயைப் பார்த்து "இதற்கு இருக்கிறது, அதற்கு இல்லை" என்று சொல்லத் தெரியாது.

இனி இது சுற்றும் வழி. கட்டியுள்ள ஈரலை நாய் பச்சையாகத் தின்கிறது. புழுத்தலைகள் குடலில் ஒட்டி வளர்கின்றன. ஐந்து வாரம் ஆவதற்குள் முட்டை வருவது அரிது, பெரும்பாலும் ஆறு ஏழு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு கடைசிக் கணு முற்றி, சில நூறு முட்டைகளோடு உதிர்ந்து மலத்தில் வெளியே வரும். அந்த மலம் புல்லில், குட்டையோரத்தில், தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் விழும். ஆடு மேயும்போது முட்டை உள்ளே போகும். குடலில் முட்டை உடைந்து, உள்ளிருக்கும் கரு குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தோடு போய் முதலில் ஈரலில் சிக்கும், அங்கே தப்பினால் நுரையீரலில் தங்கும். பிறகு மெல்ல மெல்ல நீர் கட்டும். ஆடும் அறியாது, ஆட்டுக்காரரும் அறியமாட்டார். வெட்டும் நாள்தான் தெரியவரும், அன்றைக்கு அந்தத் துண்டு மறுபடியும் நாய்க்குப் போகும்.

மனிதன் இதில் ஆட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். நாயின் ரோமத்தில், மூக்கில், காலில் ஒட்டிய முட்டை கைக்கு வந்து வாய்க்குப் போகிறது. கழுவாத கீரையோடும் போகலாம், குட்டைத் தண்ணீரோடும் போகலாம். அப்புறம் பல வருடம் சத்தமே இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது "ஈரலில் ஒரு கட்டி தெரிகிறதே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எந்த நேரத்திலும் உலகில் 10 லட்சம் பேருக்கு மேல் எக்கினோகாக்கஸ் புழுக்களால் வரும் நோயோடு இருக்கிறார்கள். மருந்து, ஊசியால் நீரை எடுப்பது, அறுவை என்று வழிகள் உண்டு, சில கட்டிகளைத் தொடாமல் கண்காணிப்பதும் உண்டு. உள்ளே உடைந்தால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்தச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் "எங்கள் வீட்டில் ஆடும் நாயும் உண்டு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு இது நேராக ஒட்டாது. ஆட்டிலிருந்து ஆட்டுக்கும் ஒட்டாது, மனிதனிலிருந்து மனிதனுக்கும் ஒட்டாது. சுற்று முடிய இரண்டு காரியம் நடந்தாக வேண்டும்: நாய் பச்சை ஈரலைத் தின்ன வேண்டும், மேய்கிற பிராணி நாய் மலம் பட்ட புல்லைத் தின்ன வேண்டும். இரண்டாவது இயற்கையாக நடப்பது, நாம் தடுப்பது கடினம். முதலாவதோ பெரும்பாலும் நம் கையால் நடப்பது. நாயால் ஒரு கிடாவை அறுத்து ஈரலை எடுத்துக்கொள்ள முடியாதே.

கிராமத்தில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எருத்தேம்பதி, வடகரைப்பதிப் பக்கம் மழை குறைவு, அதனால் ஆடுதான் பிழைப்பு. பட்டி நாய் ஆட்டோடு ஆடாகக் கிடக்கும், அங்கேயே உண்டு அங்கேயே கழியும். மேய்ச்சலில் ஒரு ஆடு செத்தால் குழி தோண்டுவதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது, ஓடையோரம் இழுத்துப் போட்டால் ராத்திரிக்குள் நாயும் நரியும் முடித்துவிடும். நரியின் குடலும் இந்தப் புழுவுக்குப் பிடித்த வீடுதான். பிறகு ஆடி மாத நோன்பு, கிடாவெட்டு. ஒரே காலையில் ஒரு கோயில் திடலில் ஐம்பது கிடா விழுகிற ஊர்கள் உண்டு. அன்றைக்கு அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் அங்கேதான். மற்ற நாளில் ஒரு நாய்க்குக் கட்டியுள்ள ஈரல் கிடைப்பது அதிர்ஷ்டம், அன்றைக்கு அது பந்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டி முற்றி, உள்ளே புழுத்தலைகள் உண்டாவதற்குக் காலம் பிடிக்கும். எட்டு மாதத்து, பத்து மாதத்துக் குட்டியில் கட்டி இருந்தாலும் பெரும்பாலும் சிறியதாக, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். நேர்ந்துவிட்டு மூன்று நான்கு வருடம் வளர்த்த சாமிக் கிடா அப்படியில்லை. கழித்துக்கட்டும் கிழட்டு மாடும் எருமையும் அப்படியில்லை. வயது ஏற ஏற உள்ளே சரக்கு ஏறும்.

இந்த இடத்தில்தான் எல்லை வந்து சேர்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் கை மாறும் வயதான மாடும் எருமையும் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போகின்றன. குழல்மன்னம், வாணியங்குளம் சந்தைகளில் இன்னொரு கை மாறுகின்றன. அங்கே போத்து இறைச்சி, அதாவது எருமைக்கறி, அன்றாடச் சாப்பாடு. சோதனைச் சாவடியில் மாட்டின் வாயைப் பார்க்கலாம், குளம்பைப் பார்க்கலாம், சான்றிதழைப் பார்க்கலாம். ஈரலுக்குள் இருப்பதை அங்கே எவரும் பார்க்க முடியாது. எருமையின் கட்டிகளில் புழுத்தலைகள் இருக்கலாம், மாட்டின் கட்டிகள் பலவும் புழுத்தலை இல்லாமல் மலடாக இருப்பது வழக்கம். ஆகவே எந்த ஊர்ப் புல்லில் விழுந்த முட்டையோ, வளர்ந்து, லாரி ஏறி, இன்னொரு மாநிலத்தின் கறிக்கடைக்குப் பின்னால் ஒரு நாயின் வாயில் போய் முடிகிறது.

டவுனில் இருக்காதுதானே என்று கேட்டீர்கள். இருக்கும், வேறு உருவத்தில். டவுனில் ஆடு மேய்வதில்லை, அதனால் சுற்றின் ஒரு பாதி அங்கே அறுந்துவிடுகிறது. இன்னொரு பாதி, அதாவது வெட்டும் இடமும் நாயும், அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. அனுமதி பெற்ற அறுவைக் கூடத்தில்தான் வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவர் பிராணியைப் பார்க்க வேண்டும் என்று 2001இலேயே மத்திய அரசு விதி போட்டது. முறையான அறுவைக் கூடத்தில் கட்டியுள்ள உறுப்பைத் தனியே ஒதுக்கி அழிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணிக்குச் சாக்கடை ஓரத்தில் வெட்டுகிற கடையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஈரல் விலைபோகும், சுவரொட்டி (மண்ணீரல்) விலைபோகும், குடலும் விலைபோகும். விலைபோகாதது கட்டியுள்ள ஈரலும் பழுதான நுரையீரலும்தான். அதாவது எந்தத் துண்டு நாய்க்குப் போகக் கூடாதோ, சரியாக அதுதான் நாய்க்குப் போகிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கெட்டதை மனிதருக்கு விற்காமல் ஒதுக்குகிறார். ஒதுக்கியது எங்கே போகிறது என்று அவரிடம் யாரும் பேசியதில்லை.

டவுன் நாய் போடும் முட்டை பூங்காவில், அபார்ட்மென்ட் பின்புறத்து மணலில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கிடக்கும். அங்கே அதை விழுங்க ஆடு இல்லை. மனிதன் இருக்கிறான்.

என் கணிப்பில் சுத்தமான கிராமத்தையும் நடு டவுனையும்விட மோசமான இடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. பைபாஸ் ஓரம், புதிய லேஅவுட், பக்கத்திலேயே மிச்சமிருக்கும் மேய்ச்சல் நிலம், சாலையோரக் கறிக்கடை. ஆடும் உண்டு, கறிக்கடையும் உண்டு, யாருக்கும் சொந்தமில்லாத நாயும் உண்டு. சுற்று அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வாளையாரிலிருந்து கோயம்புத்தூர் போகும் வழியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள், அப்படி எத்தனை இடம் கண்ணில் படுகிறது என்று.

கோழிக்கழிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லைக்காரர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கேரளத்திலிருந்து லாரியில் கழிவைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொட்டுவது பல வருடப் புகார். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளமே வந்து அள்ளிப்போனது நினைவிருக்கும். கோழிக்கழிவில் இந்தப் புழு இல்லை, கோழிக்கு இந்தக் கட்டி வருவதில்லை. ஆனால் கொட்டிய இடத்தில் நாய் பெருகும். பெருகிய நாய்களுக்கு நடுவே ஒரே ஒரு பழுதான எருமை நுரையீரல் விழுந்தால் போதும். நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, 2023இல் அதற்குப் புதிய விதிகளும் வந்தன. ஆனால் கருத்தடை செய்த நாயும் ஈரல் கிடைத்தால் தின்னத்தான் செய்யும்.

முட்டை மண்ணில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. வெயிலும் வறட்சியும் அதற்கு எமன். சித்திரை மாதத்து வடகரைப்பதி மண்ணில், நேர் வெயிலில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் ஓரத்தில் எப்போதும் ஈரமாக இருக்குமே, அது முட்டைக்கு நல்ல இடம். ஃபினாயில் ஊற்றினால் சாகாது, சூடுதான் சாகடிக்கும். ஆகவே நாய் மலத்தை ஈரத்திலிருந்து எடுத்து எரிப்பது நல்லது, முடியாவிட்டால் ஆழமாகப் புதைப்பது. தோப்பில் பறிக்கும் கீரையை நன்றாக அலசுங்கள்.

இதை ஒழிக்க முடியுமா என்றால், ஒழித்த ஊர்கள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த நோய் வீட்டுக்கு வீடு என்கிற மாதிரி இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே 1863இல் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்து, அடுத்த ஆண்டு மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். நாய்க்குப் பச்சை உறுப்பு போடாதே என்பதுதான் சாரம். அது வீடுகளுக்கு இலவசமாகப் போனது. பிறகு சட்டங்கள் வந்தன. இன்றைக்கு அங்கே இந்தப் புழு கிடையாது. டாஸ்மேனியா 1996இலும் நியூசிலாந்து 2002இலும் ஏறக்குறைய ஒழித்துவிட்டதாக அறிவித்தன. அந்த நாடுகளில் ஆரம்பத்தில் நாய்களுக்குக் கொடுத்த மருந்து அரிகோலின், நம் பாக்கில் இருக்கிற அதே சரக்கு. அதைக் கொடுத்தால் நாய்க்குப் பிய்த்துக்கொண்டு போகும், போனதை அலசிப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்த எனக்கு இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. தீவு என்பது அவர்களுக்கு ஒரு வசதி, எல்லை தாண்டி லாரி வராது. நமக்கு அந்த வசதி இல்லை.

இப்போது மகள் வீட்டு நாய். வேகவைத்த சோறு, கறி, கடையில் வாங்கும் பிஸ்கட் தீவனம் இவை மட்டும் தின்னும் நாய்க்கு இந்தப் புழு வராது, தெருவில் எந்த நாயோடு விளையாடினாலும் சரி. மற்ற நாயின் மலத்தில் புரண்டால் முட்டை ரோமத்தில் ஒட்டும், அதைக் குளிப்பாட்டிவிட்டுக் கையைக் கழுவினால் தீர்ந்தது. ஆனால் இப்போது டவுனில் "நாய்க்குப் பச்சைக் கறிதான் இயற்கை உணவு" என்று ஒரு பழக்கம் பரவுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று கறிக்கடையில் நுரையீரல் வாங்கிப் பச்சையாகப் போடுகிறார்கள். கிராமத்துப் பட்டி நாய்க்கு வருடத்தில் சில நாள் நடப்பது, ஆறாவது மாடியில் ஏசி அறையில் படுக்கும் நாய்க்குத் தினமும் நடக்கிறது. மகளிடம் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லீவுக்கு வரும்போது, வெட்டு நடக்கும் நாளில் நாயைக் கட்டிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் தோட்டத்தில் இனி வெட்டும்போது, நீர்க்கட்டியுள்ள உறுப்பை அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்துவிட்டு நாய்க்குப் போடலாம், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து மேலே கல் ஏற்றலாம். கட்டியைக் குத்திப் பார்க்க வேண்டாம், கண்ணில் தெறிப்பதுதான் மிச்சம்.

கடைசியாக, அன்றைக்குத் தின்ற நாய்கள். நீங்கள் கேட்காமல் விட்டது இதுதான், அவசரமும் இதுதான். 12 நாள்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கட்டியிலிருந்து வளரும் புழுக்கள் இன்னும் முட்டை போடத் தொடங்கியிருக்காது, கையில் மூன்று வாரமாவது இருக்கிறது. அதற்குள் மருந்து கொடுத்தால் அந்தக் கட்டியின் கதை அத்தோடு முடியும். மருந்தின் பெயர் பிராசிகுவாண்டல், நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். குட்டிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் உருண்டைப்புழு டானிக் இதற்குக் கேட்காது, மிருகாஸ்பத்திரியில் நாடாப்புழுவுக்கும் சேர்த்த மாத்திரைதானா என்று கேட்டு, எடை சொல்லி வாங்குங்கள். அந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அந்த நாய்கள் இதற்கு முன்பும் எங்கேயாவது தின்றிருக்கலாம், அதனால் மாத்திரை கொடுத்த இரண்டு மூன்று நாள் மலத்தை எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள். உங்கள் நாய்க்குக் கொடுப்பது சுலபம். மற்ற இரண்டும் தெரு நாய் என்கிறீர்கள், பிடிக்க முடியாது. மாத்திரை கசப்பு, சோற்றில் கலந்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெட்டியவர் கடைக்குப் பின்னால் அவை காலையில் வருமல்லவா? அவரையே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ஈரலை நன்றாக வேகவைத்து, கீறி, உள்ளே மாத்திரையை வைத்து, அவர் கையாலேயே வீசச் சொல்லுங்கள். அவர் வீசினால் முகராமல் விழுங்கும்.